தினமும் கால் மணி நேரம்... நாயனக்காரர் சொல்லிக்கொடுத்த சாதகக் கணக்கு!

மே மாதம் வாங்கிய கீபோர்டு, ஆகஸ்ட் மாதம் அலமாரி மேல் ஏறிவிட்டது. அதன் மேல் ஒரு பழைய துண்டு, துண்டின் மேல் தூசி. 'நல்லா போர்த்தி வச்சிருக்கோம்ல, ஒண்ணும் ஆகாது' என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்கூட அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். கோடை விடுமுறை வகுப்புக்காக வாங்கிய கிட்டார், தாத்தா காலத்து ஆர்மோனியம், ஓய்வுபெற்ற கையோடு ஆசையாக வாங்கிய புல்லாங்குழல், கல்யாணத்துக்கு முன்பு அம்மா வாசித்த வீணை... வாங்கிய நாளில் எடுத்த போட்டோ இன்னும் போனில் இருக்கும். கருவி மட்டும் உறைக்குள் உறங்கும்.

எங்கள் ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்தில், சிவகிரிக்குப் பக்கத்தில், மேற்கே மலை தெரியும் சின்ன பேரூராட்சி. பாட்டு வாத்தியார் சங்கரன்கோவிலிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்துபோனார். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற ஆறு நாள் வீட்டில் பயிற்சி என்பது ஏற்பாடு. வகுப்பு ஒழுங்காக நடந்தது. ஆறு நாள்தான் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவசர அவசரமாக ஒரு மணி நேரம் தட்டுவாள். சனிக்கிழமை வாத்தியார் முகத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். அவர் கோபிக்கவில்லை. 'பாப்பாவுக்கு இஷ்டம் வரும்போது சொல்லுங்க சார்' என்று சொல்லி நின்றுவிட்டார். கோபித்திருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

'இவளுக்கு ஆர்வம் இல்லை' என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு தப்பு என்று காட்டியவர், சங்கரன்கோவில் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டில் சந்தித்த வயதான நாயனக்காரர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

பந்தி முடிந்து, பந்தல் நிழலில் ஓய்வாக உட்கார்ந்திருந்தார். நாயனத்தில் கயிறு கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, எச்சில்படுத்தி, லேசாக ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் அடுத்ததை எடுத்தார். பேச்சுவாக்கில் மகள் கதையைச் சொன்னேன்.

"பிள்ளைக்கு ஆர்வம் இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார்.

"நான்தான் சொல்லுதேன். பெட்டியைத் தொடவே மாட்டேங்கா."

"தம்பி, எங்களுக்கு மட்டும் தினம் ஆர்வம் இருந்துச்சுன்னா நினைக்கிய? எனக்கு வேளையைக் கோயில் குடுத்துச்சு. அந்த வேளைக்குப் போய் நின்னுதான் ஆகணும். மழை பெஞ்சாலும் காய்ச்சலடிச்சாலும் பூசை நிக்குமா? நீங்க அந்தப் பிள்ளைக்கு எந்த வேளையைக் குடுத்திய?"

என்னிடம் பதில் இல்லை. 'நேரம் கிடைக்கும்போது வாசி' என்பதுதான் நாங்கள் கொடுத்த வேளை. அப்படி ஒரு நேரம் எந்த வீட்டிலும் தானாக வந்து நிற்பதில்லை.

கோயில் கொடுத்த கடிகாரம்

பழைய நாதஸ்வர வாழ்க்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலைப் பூசை, காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தஜாமம் என்று ஒரு பெரிய கோயிலில் ஒரு நாள் பகுக்கப்பட்டிருக்கும். பூசைக்கு மேளம் வேண்டும். எந்த வேளைக்கு எந்த ராகம் என்பதற்கும் மரபு உண்டு. விடியலுக்குப் பூபாளம், காலைக்குப் பிலஹரி, நடுப்பகலுக்கு மத்தியமாவதி, மாலைக்கு வசந்தா, சுவாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, அதுவும் கம்பீர நாட்டையில். பாட்டு வரிகளே இல்லாத அந்த மல்லாரியைக் காலம் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். அதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு தேரோட்டத்தில் போய் நிற்க முடியாது.

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் பார்க்கப் போகும் நமக்கு மேளச் சத்தம் வழிபாட்டின் ஒரு பகுதி. வாசிக்கிறவருக்கு அது இன்னொன்றும்கூட. நாள் தவறாமல், அதே இடத்தில், அதே நேரத்தில், காதுள்ள நாலு பேர் முன்னால் கருவியைக் கையில் எடுக்கவைக்கும் ஏற்பாடு அது. வீட்டில் செய்த சாதகம் வேறு, இது வேறு. வீட்டில் சோம்பல்பட்டால் யாருக்கும் தெரியாது. கோயிலில் தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே வீட்டிலும் சாதகம் நடக்கும்.

ஆகவே, 'அந்தக் காலத்து வித்வான்களுக்கு மனஉறுதி அதிகம்' என்று நாம் சொல்வதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. மனஉறுதி எல்லாருக்கும் கூடக் குறைய இருக்கும். அவர்களுக்கு ஒரு வேளை இருந்தது. நமக்கு அது இல்லை.

நம் பகுதியிலேயே உதாரணம் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்துக் காருகுறிச்சியில் 1921-ல் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964-ல் 43 வயதுக்குள் மறைந்துவிட்ட காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டிபோடும் நாதஸ்வரம் அவருடையது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்காதவர் இல்லை. அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவுடனேயே மேடையில் அமர்ந்து, கூட வாசித்து வளர்ந்தவர். ராஜரத்தினம் பிள்ளை பக்கத்தில் நாயனத்தோடு உட்கார்வது என்றால் என்ன என்று யோசியுங்கள். அவர் தோடியை விரித்துக்கொண்டே போவார். எந்த இடத்தில் நிறுத்தி, 'நீ வாசி' என்று பார்ப்பார் என்று தெரியாது. இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருக்கும்போது, 'இன்றைக்கு மூடு இல்லை' என்று யாரால் சொல்ல முடியும்?

நாதஸ்வரத்துக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. அந்தக் கருவியே வாசிக்கிறவரை விடாது. ஆச்சா மரத்தில் கடைந்தது. அதிலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வைரம் பாய்ந்த மரம்தான் நல்லது என்று தேடி வாங்குவார்கள். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. உயரமான சுருதியில் கேட்கும் குட்டையான திமிரி ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ராஜரத்தினம் பிள்ளை கீழ்ச் சுருதியில் பேசும் நீளமான பாரி நாயனத்தைச் செய்யவைத்து, அதையே நிலைநிறுத்தினார். நீளம் கூடக்கூட மூச்சும் கூட வேண்டும். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வரும். நாயனத்தில் உதடும் மூச்சும் சேர்ந்துதான் ஸ்வரத்தை உண்டாக்க வேண்டும். நாலு நாள் விட்டால் உதடு கேட்காது.

"ஒரு வாரம் வச்சிட்டு எடுத்தா, புதுசா கல்யாணமான மருமக மாதிரி முறைக்கும்" என்றார் பெரியவர். பக்கத்தில் இருந்த அவர் வீட்டம்மா, "ஆமா, நான்தான் முறைச்சேன்" என்றார்.

வேளை இல்லாத வீட்டில் வேளை

சரி, நம் வீட்டில் கோயில் இல்லை, குரு பக்கத்தில் இல்லை. ஸ்கூல் பஸ் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, போன் இருக்கிறது. வேளையை எப்படி உண்டாக்குவது?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழு ஓர் ஆய்வு செய்தது. 2010-ல் அச்சில் வந்தது. 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன நடை மாதிரியான காரியங்கள்தான். சங்கீதம் அதில் இல்லை. ஆனால், எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு புதுப் பழக்கத்தைக் கட்டிவிட வேண்டும். யோசிக்காமலே செய்யும் நிலை வர, நடுவாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. '21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பி 22-வது நாள் மனம் உடைந்தவர்களுக்கு இது ஆறுதல். இன்னொரு ஆறுதலும் அதிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் ஒன்றும் கலைந்துவிடவில்லை.

நாயனக்காரர் சொன்னதும் லண்டன்காரர்கள் சொன்னதும் ஒன்றுதான். நேரத்தைக் கடிகாரத்தில் தேடாமல், ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தில் தேட வேண்டும். பல் தேய்த்ததும், காபி குடித்ததும், விளக்கு ஏற்றியதும்... இப்படி ஒன்று. 'தினமும் 5.30 மணிக்கு' என்று எழுதி ஒட்டினால், 5.40 ஆனதும் 'இன்றைக்குப் போச்சு' என்று தோன்றிவிடும். விளக்கு ஏற்றுவது ஐந்தே முக்காலுக்கு நடந்தாலும் ஆறேகாலுக்கு நடந்தாலும் விளக்கு விளக்குதான்.

எங்கள் வீட்டில் அந்தக் காரியம் எது என்று தேடியபோது ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு கோயிலில் சாயங்காலப் பூசைக்கு மேளம் ஒலிக்கும். மனிதர்கள் இல்லை, மெஷின். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்கும் மின்சார மேளம். ஊர் ஊராக இப்போது இதைத்தான் பார்க்கிறோம். மாதச் சம்பளம் கேட்காது, லீவு கேட்காது, தாளமும் தப்பாது, ராகம்தான் கிடையாது. நாயனக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்த மெஷின்தான் என் மகளுக்கு வேளை சொல்ல வந்தது. 'கோயில் மேளம் அடித்ததும் கீபோர்டு முன்னால் உட்கார வேண்டும், கால் மணி நேரம் போதும்' என்று பேசி முடித்தோம்.

அடுத்தது இடம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. என் அனுபவத்தில் பாதிச் சண்டை இதில்தான். அலமாரி மேலிருந்து கீபோர்டை இறக்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூலை எடுக்க அப்பா வேண்டும். துண்டை உதறினால் அம்மா திட்டுவாள். அடாப்டர் எந்த டிராயரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேடி எடுத்து பிளக்கில் மாட்டும்போது பத்து நிமிடம் ஓடியிருக்கும். கால் மணி நேரப் பயிற்சிக்குப் பத்து நிமிடத் தேடல் என்றால் எந்தக் குழந்தை உட்காரும்? பழைய அயர்னிங் டேபிளை ஜன்னலோரம் போட்டு, கீபோர்டை அதன் மேல் நிரந்தரமாக வைத்துவிட்டோம். அடாப்டர் பிளக்கிலேயே கிடக்கிறது. சுவிட்சைத் தட்டுவது மட்டும்தான் அவள் வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள், 'ஏன் ஹாலில் இவ்வளவு இடம் அடைச்சு வச்சிருக்கிய?' என்று கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்கட்டும்.

வயலின், கிட்டார் வைத்திருப்பவர்கள் ஆணியில் மாட்டலாம், ஸ்டாண்டில் நிறுத்தலாம். குளிர்காற்றும் வெயிலும் நேராகப் படக் கூடாது. வீணைக்குக் குழந்தைகள் கால் படாத ஒரு மூலை வேண்டும். கருவிக்குத் தூசி படிந்தால் துடைத்துக்கொள்ளலாம். கண்ணில் படாமல் போனால்தான் கஷ்டம்.

தவில், மிருதங்கம் கற்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கருவி இல்லாமலே பாதிப் பயிற்சி செய்யலாம். சொற்கட்டை வாயால் சொல்லித் தொடையில் தாளம் போட்டால் போதும். பஸ்ஸில் போகும்போதுகூட முடியும். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை இருக்கிறது, சத்தம் கூடாது என்றால், தவில் குச்சியால் ஒரு மரக்கட்டையில் தட்டிப் பழகலாம். நாயனம் கற்கும் பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் சத்தத்தை ஒளித்துவைக்க முடியாது. தோப்புக்கோ கண்மாய்க்கரைக்கோ போய்த்தான் ஊத வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்பது ஒரு பாக்கியம். நகரத்தில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்களோ!

கால் மணி நேரத்தில் என்ன ஆகும்?

'வெறும் பதினைந்து நிமிடமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. '10 ஆயிரம் மணி நேரம் உழைத்தால்தான் வித்வான்' என்ற கணக்கு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது வந்த இடம், 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் இரண்டு சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்வு. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகத் தனியாகச் செய்த பயிற்சி அந்த அளவு இருந்தது. ஊருக்கெல்லாம் பரவியது எண் மட்டும்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாணவர்கள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டு உட்காரவில்லை. பெரும்பாலும் காலையில், துண்டு துண்டாகப் பிரித்து, நடுவே ஓய்வெடுத்து வாசித்தார்கள். மத்தியானத் தூக்கமும் போட்டார்கள்! மத்தியானம் தூங்கினால் திட்டு வாங்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளை மேடை ஏற வேண்டும் என்றால் கால் மணி நேரம் போதாது. உண்மை. வயலின் மேதை எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் தந்தை பரூர் சுந்தரம் ஐயரிடம் செய்த சாதகம் சங்கீத உலகில் பெரிய பேச்சு. வயதான பின்பும் அவர் அதை விட்டவரில்லை. அந்த அளவை எல்லோருக்கும் அளவுகோலாக வைத்தால் யாருமே தொடங்க மாட்டார்கள். அலமாரியில் இருக்கும் கருவிக்கு முதல் தேவை, தினமும் ஒருமுறை கை படுவது. நேரம் அப்புறம் தானாக நீளும். எங்கள் வீட்டில் இரண்டாவது மாதமே கால் மணி நேரம் அரை மணி ஆனது. நாங்கள் சொல்லவில்லை. ஒரு ஜண்டை வரிசை சரியாக வரவில்லை என்று அவளே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால், அந்தக் கால் மணியில் என்ன செய்வது என்பதில் ஏமாறக் கூடாது. நன்றாகத் தெரிந்த சினிமாப் பாட்டை முதல் வரியிலிருந்து வாசிப்பதும், தடுக்கும் இடம் வந்ததும் மறுபடி முதல் வரிக்கு ஓடுவதும் எல்லோரும் செய்யும் காரியம். கேட்க இனிமையாக இருக்கும். தடுக்கும் இடம் அப்படியே இருக்கும். பெரியவர் ஒரு வழி சொன்னார். தடுக்கும் இடத்திலிருந்து தொடங்கு, முதல் காலத்தில் வாசி, அதுவும் ஆமை மாதிரி. நம் சங்கீதத்தில் சரளி வரிசை தொடங்கி வர்ணம் வரை ஒரே பாடத்தை மூன்று காலத்தில் வாசிக்கச் சொல்வது இதற்காகத்தான். பிள்ளைகள் நேராக மூன்றாம் காலத்துக்குத் தாவப் பார்ப்பார்கள். வேகத்தில் பிசகு மறைந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

போன் இங்கேதான் உதவும். தம்பூரா சுருதி கொடுக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுருதி போடாமல் வயலினோ குழலோ பழகினால், தப்பையே ஒழுங்காகப் பழகிக்கொள்வோம். தாளத்துக்கு மெட்ரோனோம் செயலி. வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். நாலு வாரம் கழித்து முதல் பதிவைக் கேட்டால் நமக்கே சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையும் வரும். சுருதியைப் போட்டதும் போனை ஃபிளைட் மோடில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் ஒரு ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சங்கீதத்தின் உயிரான கமகம் அதில் வராது என்று சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆசை நிலைத்தால் வயலினோ வீணையோ பிறகு வாங்கலாம். நாதஸ்வரம், தவில் கற்க ஆசையென்றால் திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு. ஆனால், தொடங்குகிற அன்று வீட்டில் என்ன கருவி இருக்கிறதோ அதுதான் நல்ல கருவி.

பெற்றோர் செய்யக் கூடாதவை

இதில் நான் கெட்டிக்காரன் இல்லை, எல்லாத் தப்பும் செய்தவன். சொந்தக்காரர்கள் வந்ததும், 'அத்தைக்கு அந்தப் பாட்டை வாசிச்சுக் காட்டு' என்று இழுத்து உட்காரவைப்பேன். அவள் பாதியில் நிறுத்துவாள். அத்தை போனைப் பார்ப்பாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் முகம் கறுத்திருக்கும். பயிற்சியும் அரங்கேற்றமும் வேறு வேறு. தப்புச் செய்ய ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் பார்வையாளர் இருக்கக் கூடாது.

இன்னொன்று, 'இன்னைக்கு பிராக்டிஸ் பண்ணினியா?' என்ற கேள்வி. 'சாப்பிட்டியா?' என்று கேட்கிற குரலில் கேட்டால் பரவாயில்லை. நான் 'ஹோம்வொர்க் முடிச்சியா?' என்கிற குரலில் கேட்டேன். இப்போது கேட்பதே இல்லை. அவள் வாசிக்கும்போது ஹாலின் மறு மூலையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்காருகிறேன், டி.வி-யைப் போடுவதில்லை. அவ்வளவுதான். மேளம் அடித்ததும் என் மனைவி சமையலறையில் மிக்ஸியை நிறுத்துகிறாள். அதையும் சாதகக் கணக்கில் சேர்க்க வேண்டும்!

தவறிய நாள்கள் இல்லையா? நிறைய. காலாண்டுத் தேர்வு, ஒரு வைரஸ் காய்ச்சல், ஊர்க் கொடையில் மூன்று நாள். முதல் தடவை விட்டுப்போனபோது, 'அவ்வளவுதான், மறுபடி அலமாரிக்குத்தான் போகும்' என்று நினைத்தேன். போகவில்லை. நாலாவது நாள் மேளம் அடித்தது, உட்கார்ந்தாள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்லலாமா என்று என் நாக்கு துடித்தது. நல்லவேளை, சொல்லவில்லை. விட்ட நாளுக்குத் தண்டனை வைத்தால், அடுத்த முறை அவள் கருவியைத் தண்டனையாகத்தான் பார்ப்பாள்.

வயது ஒரு தடையா?

ஐம்பது, அறுபது வயதில் தொடங்குகிறவர்களும் தயங்குகிறார்கள். விரல் மடங்காது, ஞாபகம் நிற்காது என்று காரணங்கள். அவர்களுக்காக இரண்டு பேரைச் சொல்கிறேன். காசியின் ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான், இளமையில் கங்கைக்கரையிலுள்ள பாலாஜி கோயிலில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் சாதகம் செய்தவர். நம் நாயனத்துக்குச் சொந்தக்காரக் கருவி, அதே கோயில் வேளை. 2001-ல் பாரத ரத்னா வாங்கி, 2006-ல் 90 வயதில் மறையும்வரை அவருக்கு ஷெனாய்தான் எல்லாம்.

இன்னொருவர் ஸ்பெயின் நாட்டு செல்லோ கலைஞர் பாப்லோ காஸல்ஸ். 13 வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் பாக் எழுதிய செல்லோ இசைத் தொகுப்பைக் கண்டெடுத்தார். அதைத் தினமும் பழகி, மேடையில் வாசிக்க அவருக்கு 12 வருஷம் ஆனது. 1973-ல் 96 வயதில் இறந்த அவர், சுமார் 80 வருஷம் தன் ஒவ்வொரு நாளையும் பியானோவில் பாக்கின் இசையை வாசித்துத்தான் தொடங்கியிருக்கிறார். எழுந்ததும் அது, பிறகுதான் மற்றதெல்லாம். நாம் பல் தேய்ப்பது மாதிரி.

போன மாதம் பெரியவருக்குப் போன் செய்து, மகள் அலங்காரம் வரை வந்துவிட்டாள் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். கோயில் மெஷின் மேளம் கதையையும் சொன்னேன். அதை ஏன் சொன்னோம் என்று அந்த நிமிடமே வருத்தப்பட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்க வயித்துல அடிச்சது உங்க வீட்டுக்காவது மணி அடிக்கே, சரி" என்றார். அவர் பேரப்பிள்ளைகள் யாரும் நாயனம் தொடவில்லை. அவர் மட்டும் இன்னும் விடிகாலையில் எழுந்து சீவாளியை நனைக்கிறாராம். வாசிக்கக் கோயில் இல்லாவிட்டாலும் அந்த வேளைக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம் நல்ல காற்று மழை. ஊரே இருட்டு. கரன்ட் இல்லாததால் கோயில் மெஷினும் அடிக்கவில்லை. நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். ஹாலில் கட்டைகள் அமுங்கும் 'டொக் டொக்' சத்தம் மட்டும் கேட்டது. கரன்ட் இல்லாத கீபோர்டில் விரல் ஓட்டிக்கொண்டு, வாயால் ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தாள்.

"மேளம் அடிக்கலையே பாப்பா?" என்றேன்.

"அதான் ஆறு மணி ஆயிட்டுல்லா, பேசாம இருங்கப்பா... ரெண்டாங்காலம் விட்டுப்போயிரும்" என்றாள்.